ஜூலை மாதத்துக்கு ‘வரலாற்றில் இன்று’ எழுதுவது எப்படி

எங்கள் நூலக வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பில் தினமும் நாலைந்து வரி எழுதுவது என் பொறுப்பு. அதற்கு முன் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே காலம் தள்ளியவன் நான். அதனால் ஒரு தேதியைப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வரும், பழக்கதோஷம். பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ குடும்ப வாட்ஸாப் குழுவுக்கோ ஒரு மாதம் முழுக்க இப்படி எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம், ஜூலையில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். பாஸ்டில் சிறை விழுந்தது, அமெரிக்கா தன் சுதந்திரத்தை அறிவித்தது, முதல் அணுகுண்டு சோதனை நடந்தது, நிலவில் மனிதன் இறங்கியது, முதல் உலகப்போர் மூண்டது எல்லாம் இந்த ஒரு மாதத்துக்குள் வந்துவிடுகின்றன. சரக்குக்குப் பஞ்சமே இல்லை. எதை விடுவது என்பதுதான் தலைவலி.

கோடை மாதம் என்று இதைச் சொல்வதுகூடப் பாதி உலகத்துக்குத்தான் பொருந்தும். 1930 ஜூலையில் உருகுவேயில் முதல் உலகக்கோப்பைக் கால்பந்து நடந்தபோது அங்கே குளிர்காலம். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா பிறந்த 1918 ஜூலை 18-உம் குளிர்கால நாள்தான். பலகையில் ‘கோடைக் காலக் காலை’ என்று அலங்காரமாக ஆரம்பிப்பதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குவது. ஒரு தேதிக்கு ஒரு பக்கம், ஆக 31 பக்கம். கடைசியில் இரண்டு பக்கங்களைத் தனியாக ஒதுக்கி, ஒன்றுக்கு ‘சந்தேகம்’ என்றும் இன்னொன்றுக்கு ‘மிச்சம்’ என்றும் பெயர் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். ஒவ்வொரு குறிப்புக்குக் கீழும் எங்கே படித்தீர்கள் என்று பொடி எழுத்தில் குறித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு யாராவது வந்து ‘இது தப்பு’ என்று சொன்னால் நோட்டைப் பிரித்துக் காட்டலாம். கிழமை பார்க்கவும் ஒரு குறுக்குவழி உண்டு. ஏப்ரல் 1 என்ன கிழமையோ, ஜூலை 1-உம் அதே கிழமை. இரண்டுக்கும் இடையில் சரியாக 91 நாள், அதாவது 13 வாரம். லீப் ஆண்டிலும் இது மாறாது. விடுமுறை நாட்களை முன்கூட்டியே குறித்துவைக்க இது போதும்.

நோட்டு வந்ததும் பலரும் செய்வது, ஜூலை 1 என்று தேடி, அகப்பட்டதில் பெரிய பெயரைப் பொறுக்கிப் போடுவது. பிறகு ஜூலை 2. இப்படிப் போனால் பத்தாம் தேதிக்குள் சலித்துவிடும். வாசிப்பவருக்கு அதற்கு முன்பே சலித்துவிடும். நான் தேதியிலிருந்து நிகழ்ச்சிக்குப் போவதில்லை. ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஜூலையில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பேன். மருத்துவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் தேதி லூயி பாஸ்டரின் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, 25-ஆம் தேதி சோதனைக்குழாய் முறையில் கருவான முதல் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தது, 30-ஆம் தேதி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். மூன்று பக்கங்கள் ஒரே மூச்சில் நிரம்பிவிட்டன. விண்வெளி என்று எடுத்தால் இன்னும் ஏழெட்டு. பிறகு கண்டுபிடிப்பு, விளையாட்டு, எழுத்தாளர்கள், விடுதலைப் போர்கள். நாலைந்து துறைகளை முடிக்கும்போது காலியாக நிற்பவை சில தேதிகளே. அவற்றை மட்டும் தேதி வழியாகத் தேடுங்கள். இந்த முறையில் இன்னொரு ஆதாயம் உண்டு. மாதம் முழுக்க அரசர்களும் போர்களுமாகவே போய்விடாது.

தேதியைச் சரிபார்ப்பது

என்னைக் கேட்டால் முக்கால்வாசி நேரத்தை இதற்குக் கொடுக்க வேண்டும். பத்து இணையதளங்களில் ஒரே வாக்கியம் இருந்தால் அது பத்துச் சான்று ஆகிவிடாது. ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்துச் செய்தித்தாள், சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் சொந்தப் பக்கம், ஆவணம் பார்த்து எழுதிய வாழ்க்கை வரலாறு ஆகிய மூன்றில் ஒன்றாவது கிடைக்கும்வரை என் குறிப்பு ‘சந்தேகம்’ பக்கத்திலேயே கிடக்கும்.

சரிபார்க்கும்போது சில கேள்விகளை வழக்கமாகவே கேட்டுக்கொள்கிறேன். யாருடைய கடிகாரம் என்பது முதலாவது. நிலவில் மனிதன் இறங்கியது ஜூலை 20 என்று எல்லோருக்கும் தெரியும். அப்போலோ 11-இன் ஈகிள் கலம் தரை தொட்டது 1969 ஜூலை 20, கிரீன்விச் நேரப்படி இரவு 8.17. நீல் ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கிக் கால் பதித்தது அதற்கு ஆறரை மணி நேரத்துக்கும் மேலான பிறகு, கிரீன்விச் நேரப்படி ஜூலை 21 அதிகாலை 2.56. அமெரிக்காவில் அப்போதும் 20-ஆம் தேதி இரவுதான். இந்தியக் கணக்கில் கலம் இறங்கியதே 21-ஆம் தேதி பின்னிரவு 1.47-க்கு, கால் பதித்தது காலை 8.26-க்கு. ஆக அமெரிக்கருக்கு இரண்டும் 20, இந்தியருக்கு இரண்டும் 21, கிரீன்விச்சுக்கு ஒன்று 20, மற்றது 21. மூன்றும் சரிதான். சாதாரண நிகழ்ச்சி என்றால், நடந்த ஊரின் நேரத்தையே எடுத்துக்கொள்கிறேன். நிலவுக்கு அப்படி ஒரு ஊர் நேரம் கிடையாது. அதனால் ‘கலம் இறங்கியது’ என்று 20-இல் எழுதிவிட்டு, ‘இந்தியாவில் அப்போது மறுநாள்’ என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். அந்த ஒரு வரியைப் படிக்கத்தான் பலகை முன்னால் கூட்டம் நிற்கும், பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, யாருடைய நாட்காட்டி. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். ஆனால் எல்லா நாடுகளும் ஒரே நாளில் மாறிக்கொள்ளவில்லை. பிரிட்டன் 1752-இலும் ரஷ்யா 1918-இலும்தான் மாறின. 17-ஆம் நூற்றாண்டில் இரண்டு கணக்குகளுக்கும் வித்தியாசம் 10 நாள், 18-இல் 11, 19-இல் 12, 20-இல் 13. ஜூலையில் இதனால் விழும் சிக்கல்கள் கொஞ்சமல்ல. கணித மேதை லைப்னிட்ஸ் பிறந்தது 1646 ஜூலை 1 என்கிறோம், அவர் பிறந்த லைப்சிக் நகரத்து அன்றைய கணக்கில் அது ஜூன் 21. மின்னியல் கண்டுபிடிப்பாளர் நிக்கோலா டெஸ்லா பிறந்த 1856 ஜூலை 10, அவர் குடும்பம் பின்பற்றிய பழைய கணக்கில் ஜூன் 28. நியூட்டனின் ‘பிரின்சிபியா’ நூல் 1687 ஜூலை 5-இல் வெளியானதாகப் படிக்கிறோமே, அது இங்கிலாந்தின் பழைய கணக்கு. அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரைப் போர் இன்னும் வேடிக்கை. நடந்தது 1690 ஜூலை 1, பழைய கணக்கு. புதுக் கணக்குக்கு மாற்றினால் ஜூலை 11. ஆனால் அதைக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடுவது ஜூலை 12-இல். பிற்காலத்தில் மாற்றும்போது 10 நாளுக்குப் பதில் 11 நாளைக் கூட்டிக்கொண்டதுதான் காரணம். இந்த மாதிரி இடங்களில் நாமாகக் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டாம். வழக்கில் நிலைத்துவிட்ட தேதியில் போட்டு, ‘பழைய கணக்கு’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும்.

இந்த மாதத்துக்குத் தன் பெயரைத் தந்த ஜூலியஸ் சீசருக்கே பிறந்தநாள் உறுதியில்லை. 12 என்பாரும் உண்டு, 13 என்பாரும் உண்டு. நான் அவரை ‘சந்தேகம்’ பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வி, எந்தப் படி. பெரிய நிகழ்ச்சி எதுவும் ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. அமெரிக்கச் சுதந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனைவிட்டுப் பிரிவது என்று அமெரிக்கக் குடியேற்றங்களின் அவையான காங்கிரஸ் வாக்களித்தது 1776 ஜூலை 2. ஜான் ஆடம்ஸ் மறுநாளே மனைவி அபிகேலுக்கு எழுதிய கடிதத்தில், வருங்காலத் தலைமுறைகள் ஜூலை இரண்டாம் தேதியைத்தான் பெரும் விழாவாகக் கொண்டாடும் என்றார். அறிக்கையின் வாசகத்தை ஏற்றுக்கொண்ட நாள் ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. ஆகவே ‘ஜூலை 4 அன்று எல்லாரும் கையெழுத்திட்டார்கள்’ என்று எழுதாதீர்கள். ‘ஏற்றுக்கொண்டார்கள்’ என்று எழுதுங்கள். குளோனிங் (நகலாக்க) முறையில் பிறந்த டாலி செம்மறியாட்டுக்கும் இப்படி இரண்டு தேதி உண்டு. பிறந்தது 1996 ஜூலை 5, உலகத்துக்குச் சொன்னது 1997 பிப்ரவரியில். ஜூலைப் பலகையில் ‘உலகமே வியந்தது’ என்று எழுதினால் அது பொய். அன்றைக்கு அந்த ஆய்வகத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

நாள் குறிக்கவே முடியாத விஷயங்களும் உண்டு. இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வேலையை பான்டிங்கும் பெஸ்டும் 1921 கோடையில் டொரன்டோவில் வாரக்கணக்காகச் செய்தார்கள். ஜூலை 27 என்று பலர் போடுகிறார்கள். அந்த வேலை படிப்படியாக நடந்தது. எந்தப் படியைக் கண்டுபிடிப்பு என்பது? மாறாக, லியனார்ட் தாம்சன் என்ற பையனுக்கு முதல் ஊசி போட்டது 1922 ஜனவரி 11. அது உறுதியான நாள். இன்சுலினை ஜனவரிக்கு விட்டுவிடுங்கள், ஜூலைக்கு வேறு ஆள் இல்லாமலா போய்விடும்.

கடைசியாக, பிறந்தநாள்களில் சம்பந்தப்பட்டவர் வாயையே நம்பக்கூடாத இடங்கள். ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தான் 1900 ஜூலை 4-இல் பிறந்ததாகக் காலமெல்லாம் சொல்லிவந்தார். அவர் காலமான பிறகு கிடைத்த ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தது 1901 ஆகஸ்ட் 4. ஓவியர் ஃப்ரீடா காலோ பிறந்தது 1907 ஜூலை 6. மெக்சிகோப் புரட்சி தொடங்கிய 1910-ஐத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்வது அவருக்குப் பிடித்திருந்தது. இந்தச் செய்தி பிறந்தநாள் செய்தியைவிடச் சுவையானது. அதையே பலகையில் எழுதுங்கள்.

நெரிசலும் வறட்சியும்

சில தேதிகளில் நாலு பேர் முண்டியடிப்பார்கள். ஜூலை 10-ஐப் பாருங்கள். 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்தார்கள். புதிய தலைப்பாகையைத் திணித்தது, நெற்றிக் குறியையும் தாடியையும் தடுத்தது ஆகியவை உடனடிக் காரணங்கள். திப்பு சுல்தானின் குடும்பம் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையிலேயே எழுச்சியை ஒடுக்கினார். 1857-க்கு 51 ஆண்டுகள் முன்பு நடந்த காரியம் இது. அதே ஜூலை 10-இல்தான் டெஸ்லா பிறந்தார். அதே தேதியில்தான் 1962-இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஏவப்பட்டு, அட்லாண்டிக்குக்கு அக்கரைக்கு நேரடித் தொலைக்காட்சிப் படம் போக வழி பிறந்தது. மூன்றையும் போட்டால் ஒன்றும் மனசில் நிற்காது. ஒரு நாளுக்கு ஒன்றுதான் என்பதில் நான் கறார். மற்றவை அடுத்தடுத்த ஆண்டுக்கு. எதை முதலில் எடுப்பது? புகழ் பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. எதைப் பற்றி நாலு வரி உருப்படியாகச் சொல்ல முடிகிறதோ அது. வேலூருக்கு ஒரு காலைப்பொழுதின் கதையே இருக்கிறது, ஆகவே வேலூர். 18-ஆம் தேதியும் இப்படித்தான். மண்டேலாவின் பிறந்தநாளன்றே, 1980-இல் இந்தியா சொந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட்டில் ரோகிணி செயற்கைக்கோளை ஏவியது. ஒரு வருடம் இவர், மறு வருடம் அது.

வறண்ட நாள் வேறு மாதிரிச் சிக்கல். நூலகத்துக்கு வரும் ஒரு சிறுமிக்குப் பிறந்தநாள் ஜூலை 9. “தாத்தா, என் பிறந்தநாளுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லியா?” என்று பலகைக்கு முன்னால் நின்று கேட்டாள். நோட்டைப் பிரித்து 1816-இல் அர்ஜென்டினா விடுதலையை அறிவித்ததைக் காட்டினேன், அவளுக்கு ருசிக்கவில்லை. 2011-இல் தெற்கு சூடான் தனி நாடானதைச் சொன்னேன். “நெசமாவே ஒரு நாடு பொறந்த நாளா? அது எங்க அண்ணனைவிடச் சின்னதா?” என்றாள். அந்த ஆண்டு பலகையில் அதுதான் ஏறியது. வறட்சி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நாம் பார்க்கிற உலகப்படத்தின் அளவுதான்.

தொடராக எழுதக்கூடியவற்றைக் கண்டால் விடாதீர்கள். ஜூலையில் அப்படிச் சில இருக்கின்றன. அப்போலோ 11 புறப்பட்டது 16, இறங்கியது 20, கடலில் வந்து விழுந்தது 24. முதல் உலகப்போர் மூண்ட கதையும் அப்படியே தேதி தேதியாக நடக்கிறது. 1914 ஜூலை 23-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி, செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்த கடிதத்தைக் கொடுத்தது. 25-இல் செர்பியா பதில் தந்தது, கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் சம்மதித்து. 28-இல் போர் அறிவிப்பு. 23-ஆம் தேதி பலகையில் கெடுவை மட்டும் எழுதி நிறுத்துங்கள். மறுநாள் ஒன்றும் எழுதாமல் ‘கெடு முடிய இன்னும் ஒரு நாள்’ என்று விடுங்கள். படிக்கிறவர்கள் 25-ஆம் தேதிக்காகக் காத்திருப்பார்கள்.

அமெரிக்க விமானி அமீலியா இயர்ஹார்ட்டும் இந்த மாதத்தில் இரண்டு முறை வருகிறார். உலகைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தவர், வழிகாட்டி ஃப்ரெட் நூனனோடு பசிபிக்கில் ஹவ்லண்ட் தீவைத் தேடி வந்து காணாமல் போனது 1937 ஜூலை 2. அவர் பிறந்தது 1897 ஜூலை 24. 2-ஆம் தேதி பலகையில், இன்னும் 22 நாளில் அவருக்கு 40 வயது நிறைந்திருக்கும் என்று எழுதினால், 24-ஆம் தேதி பிறந்தநாள் குறிப்பைப் படிக்கும்போது முந்தியதும் நினைவுக்கு வரும்.

வரியை எழுதுவது

‘ஜூலை 6, 1885: லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தார்.’ இப்படித்தான் ஊரெல்லாம் எழுதியிருக்கிறது. இதில் உயிரில்லை, உண்மையும் இல்லை. அன்றைக்கு அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நான் எழுதுவது இது:

‘1885 ஜூலை 6, பாரிஸ். இரண்டு நாள் முன்பு வெறிநாய் கடித்த 9 வயது ஜோசப் மைஸ்டரை அவன் தாய் அல்சாசிலிருந்து அழைத்துவந்தாள். முயலின் தண்டுவடத்தைக் காயவைத்துத் தயாரித்த மருந்து பாஸ்டருடையது. அவர் மருத்துவர் இல்லை என்பதால் ஊசியை வேறொரு மருத்துவர் போட்டார். பையன் பிழைத்தான். பெரியவனானதும் பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலாளி ஆனான்.’

ஊர், வயது, ஒரு பொருள், ஒரு முடிவு. பலகைக்கு இவ்வளவு போதும். ‘முதன்முதலாக’ என்ற சொல்லை நான் இதில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பாஸ்டர் இதற்கு முன்னும் ஓரிருவரிடம் முயன்றிருந்தார் என்று அவருடைய ஆய்வகக் குறிப்பேடுகளைப் படித்தவர்கள் பின்னாளில் எழுதினார்கள். ‘முதல்’, ‘கண்டுபிடித்தார்’ இரண்டையும் பார்த்தாலே பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை யோசியுங்கள். 1911 ஜூலை 24-இல் ஹைரம் பிங்கம், பெரு நாட்டின் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சுவைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுகிறார்கள். அவர் போனபோது அங்கே உழவர் குடும்பங்கள் குடியிருந்து, அந்தப் படிவயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தன. வழிகாட்டிப் போனவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். ‘போய்ச் சேர்ந்தார்’ என்று எழுதினால் ஒரு குறையும் வராது.

எல்லோரும் சொல்கிற கதையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 1789 ஜூலை 14, பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டையைப் பிடித்தார்கள். உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்தான். அதே நாளில் மன்னர் பதினாறாம் லூயி தன் நாட்குறிப்பில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினார் என்று சொல்லி, எவ்வளவு விவரம் கெட்டவர் பாருங்கள் என்று சிரிப்பார்கள். அவர் எழுதியது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் வேட்டைக் கணக்கு வைத்திருந்த குறிப்பேடு. அன்றைக்கு வேட்டை இல்லை என்பது அதன் பொருள். சிரிப்பைக் கெடுக்கிறோமே என்று தயங்காதீர்கள், சரியான செய்தியிலும் சுவை இருக்கிறது.

பிறந்தநாளில் ஒரு தொல்லை, பிறந்தவர் அன்றைக்கு ஒன்றும் செய்திருக்க மாட்டார். ‘மாபெரும் எழுத்தாளர் பிறந்த தினம்’ என்று எழுதுவதில் யாருக்கும் பயன் இல்லை. பிறகு அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். ஜூலை 3-இல் பிறந்த காஃப்கா, தன் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் எரித்துவிடச் சொல்லி நண்பர் மாக்ஸ் பிராடிடம் கேட்டுக்கொண்டார், நண்பர் எரிக்கவில்லை. அவ்வளவு எழுதினால் போதும். முத்துலட்சுமி ரெட்டிக்கு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியில் எழுந்தது என்ற ஒரு வரி. பட்டங்களை அடுக்க வேண்டாம். அபூர்வமாகச் சிலருக்குப் பிறந்தநாளன்றே காரியமும் நடந்திருக்கும். 1997 ஜூலை 12-இல் பிறந்த மலாலா, 2013-இல் தன் 16-ஆவது பிறந்தநாளன்றுதான் ஐ.நா. அவையில் பேசினார். அப்படிக் கிடைத்தால் விடவே கூடாது.

30-ஆம் தேதியைச் சொன்னதும் கால்பந்து ஞாபகம் வருகிறது. முதல் உலகக்கோப்பையின் இறுதியாட்டம் 1930 ஜூலை 30, மான்டிவிடியோ. யாருடைய பந்தில் ஆடுவது என்று தகராறு. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து, 2-1 என்று அவர்கள் முன்னிலை. இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து, 4-2 என்று உருகுவே வென்றது. 36 ஆண்டு கழித்து 1966-இல் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை வென்றதும் அதே ஜூலை 30, அதே 4-2. இதைப் பலகையில் எழுதிய நாளில் ஒருவரும் உள்ளே போகாமல் வாசலிலேயே பேசிக்கொண்டு நின்றார்கள். நூலகருக்குக் கொஞ்சம் கோபம்.

துயர நாட்களுக்குத் தனி முறை வேண்டும். 1916 ஜூலை 1, முதல் உலகப்போரில் பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள். 1983 ஜூலை 24-ஆம் தேதி கொழும்பில் தமிழர்மீது தொடங்கிய வன்முறை, கறுப்பு ஜூலை என்ற பெயரிலேயே நிலைத்துவிட்டது. சோமின் எண்ணிக்கை படைக் கணக்கில் பதிவானது, அதைப் போடலாம். கறுப்பு ஜூலையில் அரசு சொன்ன எண்ணிக்கையும் மற்றவர்கள் சொன்னதும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. அதனால் நான் எண்ணிக்கை போடுவதில்லை. என்ன நடந்தது, எங்கே நடந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று எழுதுகிறேன். வண்ணச் சாக்பீஸ், பூ, ஆச்சரியக்குறி எதுவும் கிடையாது. ஜூலை 25-இல் பெரிய இக்கட்டு. 1978-இல் லூயிஸ் பிரவுன் பிறந்ததும் அன்றுதான், 1983-இல் வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதும் அன்றுதான். இரண்டையும் ஒரே பலகையில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஓர் ஆண்டு இது, மறு ஆண்டு அது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். 1945 ஜூலை 16-இல் நியூ மெக்சிகோப் பாலைவனத்தில் அதிகாலை 5.29-க்கு நடந்த அணுகுண்டுச் சோதனையை ‘சாதனை’ என்று எழுதுவதா என்பதும் இதே வகைக் கேள்விதான். ‘சோதனை’ என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ஆண்டுக் கணக்கு போடும்போது விரல்விட்டு எண்ணுங்கள், வெட்கமில்லை. 1918-இல் பிறந்தவருக்கு 2017-இல் தொடங்குவது நூறாவது ஆண்டு, 2018-இல் நிறைவது நூறு வயது. ‘நூற்றாண்டு விழா’ என்று இரண்டு ஆண்டும் அறிவிப்பு வரும். எந்த ஆண்டைச் சொல்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். கி.மு. ஆண்டுகளோடு கூட்டும்போது பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதால் ஒன்றைக் கழிக்க வேண்டும். படம் ஒட்ட வேண்டுமானால் நாசாவின் படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமைத் தொல்லை இல்லை. மற்றவற்றைக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

31-ஆம் தேதிக்கு நிலவையே மறுபடி எடுக்கலாம். 1964-இல் ரேஞ்சர் 7 விண்கலம் மோதி நொறுங்குமுன் நிலவை நெருங்கி எடுத்த படங்களை அனுப்பியதும், 1971-இல் அப்போலோ 15 வீரர்கள் அங்கே முதன்முதலாக வண்டி ஓட்டியதும் ஜூலை 31-இல்தான். இங்கே ‘முதன்முதலாக’ தாராளமாகப் போடலாம், அவர்களுக்கு முன்னால் அங்கே வண்டி ஓட்டியவர் யாரும் இல்லை. அன்று மாலையே ‘மிச்சம்’ பக்கத்தைப் பிரித்து ஆகஸ்ட் நோட்டுக்கு மாற்ற வேண்டியதை மாற்றிவிடுங்கள். 1914-இல் ஜெர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 1-க்கு, அமெரிக்க அறிக்கையில் விழுந்த கையெழுத்துகள் 2-க்கு, லூயி ஆம்ஸ்ட்ராங் 4-க்கு. ஜூலை நோட்டை அடுத்த ஆண்டுக்குப் பத்திரப்படுத்துங்கள். எந்த ஆண்டு எதை எழுதினீர்கள் என்று ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் குறித்திருக்கிறீர்களா என்று மட்டும் மூடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.